ஆறுதலா வாங்கோ: திருகோணமலையில் 29 நாள்

டல்லாஸுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆறு மாதம். பேரன் பிறந்தபோது, பேத்தி பிறந்தபோது, பிறகு மருமகள் வேலைக்குத் திரும்பியபோது. ஆனால் டல்லாஸ் எப்படிப்பட்ட ஊர் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சமையலறை ஜன்னலில் தெரியும் பக்கத்து வீட்டு வேலி, வாரம் ஒருமுறை இந்தியக் கடை, மாதம் ஒருமுறை கோயில். எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கும் வெளிநாடு என்றால் பிள்ளை வீடுதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேரப்பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களுக்கு எதுவும் ஈடாகாது. இருந்தாலும், நானாகப் பார்த்து முடிவு செய்த ஓர் ஊரில், விழிப்பு வந்த நேரத்துக்கு எழுந்து, கால் போன தெருவில் நடந்து, ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டும் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஓர் ஆசை. 68 வயதில் அது நடந்தது.

ஏன் திருகோணமலை என்று மகன் கேட்டான். சிங்கப்பூர், பாலி என்று அவன் ஒரு பட்டியல் வைத்திருந்தான். எனக்கு வேறு ஊர் தோன்றவே இல்லை.

1990இல் திருச்சியில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. இலங்கையில் நடந்த போருக்குத் தப்பிப் படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுத் திருச்சிக்கு வந்தவர்கள். அந்த வீட்டு அம்மா என்னைவிட நாலு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நைட் டியூட்டி முடித்து வருவதற்குள் என் பையனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருப்பார். சொதி வைக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். 13 வருடம் பின்கட்டில் இருந்துவிட்டு, கனடாவில் இருக்கும் மகனிடம் போனார். அத்தனை வருடமும் அவர் பேச்சில் ஊர் வராத நாள் கிடையாது. "எங்கட ஊரில ரெண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் அலை அடிச்சுக்கொண்டு கிடக்கும், மற்றப் பக்கம் குளம் மாதிரிச் சத்தமில்லாமக் கிடக்கும்." துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. எனக்கு அந்த இரண்டு கடலையும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

துணைக்கு வந்தது என் சம்பந்தி. மருமகளின் அம்மா, புதுக்கோட்டைக்காரர், 63 வயது. பத்து வருட உறவு என்றாலும் நாங்கள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் பேசியது கிடையாது. நான் டல்லாஸிலிருந்து கிளம்பினால் அவர் அங்கே போவார், அவர் திரும்பினால் நான் போவேன். பேரப்பிள்ளைகளின் சாப்பாடு, மருந்து, தூக்கம் பற்றி போனில் விவரம் சொல்லிக்கொள்வோம், அத்தோடு சரி. அவருடைய கணவர் காலமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. திருகோணமலை என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நானும் வரலாமா சம்பந்தி?" என்று கேட்டார்.

சுற்றுலா அனுமதி 30 நாளுக்குத்தான். அதற்குள் அடங்குகிற மாதிரி 29 நாளுக்குச் சீட்டு எடுத்தோம். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். அங்கே பகலில் ஓய்வெடுத்துவிட்டு, கோட்டை ஸ்டேஷனிலிருந்து இரவு ரயில். கல்ஓயாச் சந்தியில் ஒரு பாதை மட்டக்களப்புக்கும் ஒரு பாதை திருகோணமலைக்கும் பிரிகிறது. கந்தளாய்ப் பக்கம் விழித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் வயல். தம்பலகாமம் தாண்டி, சீனக்குடா வரும்போது தண்டவாளத்தை ஒட்டியே தண்ணீர் வந்துவிட்டது. அலையே இல்லை. அக்கா சொன்ன குளம் மாதிரிக் கடல். துறைமுகத்தின் உள்பக்கம் அது. உலகத்திலேயே மிக ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்கிறார்கள். நான் பார்த்தபோது ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

முதல் வீடு சரியாக அமையவில்லை. இணையத்தில் படம் பார்த்துப் பதிவு செய்தது. கடல் தெரியும் என்று போட்டிருந்தார்கள், தெரிந்தது, மூன்றாம் மாடியிலிருந்து. லிஃப்ட் கிடையாது. படிக்குக் கைப்பிடி பாதி தூரம்தான். இரண்டாம் நாள் காலை சம்பந்தி குளியலறையில் வழுக்கி, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. அந்நிய நாட்டில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன செய்வது? அன்றைக்கே கிளம்பிவிட்டோம். ஒரு மாதத்துக்கும் கட்டிய பணத்தில் பாதி திரும்பவில்லை. என் வயதில் யாராவது இப்படிப் போவதாக இருந்தால் நான் சொல்வது இதுதான்: படுக்கையறைப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். குளியலறைத் தரையையும் படிகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் மூன்று நாளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். மாதத்துக்கான வீட்டை ஊரில் இறங்கிக் கண்ணால் பார்த்துப் பிடியுங்கள்.

எங்களுக்கு வீடு பிடித்துத் தந்தது பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் பூ விற்கிற பெண். "ரீச்சரிட்டக் கேட்டுப் பாருங்கோ, முன் அறை ரெண்டும் சும்மாதான் கிடக்குது" என்று வழி சொன்னார். ரீச்சர் என்று ஊரே கூப்பிடும் அந்த அம்மாவுக்கு 71 வயது. மகளிர் பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் லண்டனில். பெரிய வளவு, நடுவில் ஓட்டு வீடு, முற்றத்தில் முருங்கை, தேசிக்காய் (எலுமிச்சை), செவ்வரத்தை (செம்பருத்தி). படி ஒன்றே ஒன்று. நாங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு வேகமாக வருவதைப் பார்த்து, படலையைத் திறந்தபடி சொன்னார்: "ஆறுதலா வாங்கோ, ஆறுதலா வாங்கோ."

சம்பந்தி அப்படியே நின்றுவிட்டார். இரவு படுத்த பிறகு, இருட்டில் என்னிடம் கேட்டார்: "எங்க வீட்டுக்காரர் போனது இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னீங்களா?" பின்கட்டு அக்கா புண்ணியத்தில் எனக்கு அந்தச் சொல் தெரியும். அங்கே ஆறுதலா என்றால் மெதுவாக, அவசரப்படாமல் என்று அர்த்தம். நம் பக்கம் துக்க வீட்டில்தான் அந்தச் சொல்லைப் பேசுகிறோம். விளக்கம் சொன்னேன். அவர் வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். ஒன்றரை வருடத்தில் அவர் தன் கணவரைப் பற்றி என்னிடம் பேசியது அன்றைக்குத்தான். விடியற்காலை வரை பேசினோம்.

மொழி ஒன்றாக இருக்கிற வெளிநாட்டில் இருப்பது தனி அனுபவம். கடைப் பலகை படிக்கலாம், பஸ்ஸில் விலாசம் கேட்கலாம், மருந்துக் கடையில் வலி எங்கே என்று சொல்லலாம். ஆனாலும் நாளுக்கு நாலு தடவை தடுக்கி நிற்போம். கச்சான் என்றால் வேர்க்கடலை. அதே கச்சான், ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அனலாக வீசும் காற்றுக்கும் பெயர். மாத்திரை குளிசை, ரொட்டி பாண், சோப்பு சவர்க்காரம், நாற்காலி கதிரை, கேழ்வரகு குரக்கன். "அவர் பேசிப்போட்டார்" என்றால் திட்டிவிட்டார் என்று பொருள். அங்கே பேசுவதைக் கதைப்பது என்பார்கள். சம்பந்தி ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தார். கடைசியில் அதில் 140 சொல் சேர்ந்திருந்தது.

காலை ஆறு மணிக்கு ரீச்சர் வீட்டுக் குசினியில் தேங்காய் துருவும் சத்தம் கேட்கும். மாதச் சாப்பாட்டுக்கும் சேர்த்தே பணம் கொடுத்திருந்தோம். இடியப்பம், சொதி, சம்பல். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் குரக்கன் புட்டும் வல்லாரைச் சம்பலும் அடிக்கடி வந்தன. சம்பந்தி மட்டும் சைவம். ரீச்சர் அவருக்குத் தனிச் சட்டி ஒதுக்கி, மாசிக் கருவாடு படாத அகப்பை வாங்கி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து நாற்பது வருடமாக யாராவது ஒருவருக்குச் சமைத்துக்கொண்டே இருந்த பெண், யாரோ சமைத்து யாரோ பரிமாறக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். முதல் வாரம் அவருக்கு அது பொறுக்கவில்லை, எழுந்து எழுந்து குசினிக்குள் போய் நிற்பார். இரண்டாம் வாரம் உட்கார்ந்தார். மூன்றாம் வாரம், "இன்னொரு இடியப்பம் தாங்கோ" என்று அவர்கள் பாஷையிலேயே கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்ணியாப் பக்கமிருந்து எருமைத் தயிர் மண்முட்டியில் வரும். கத்தியால் வெட்டி எடுக்கலாம், அவ்வளவு இறுக்கம்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து வாரத்துக்கான மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டோம், டாக்டர் சீட்டின் நகலோடு. பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வெளியே போவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தோம், கச்சான் வீசுகிற மாதத்தில் அது கட்டாயம். நாங்கள் போனபோது நம் ஒரு ரூபாய்க்கு அங்கே சுமார் மூன்றரை ரூபாய், அதனால் கணக்கு கொஞ்ச நாள் குழம்பியது. எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் ஆன செலவு, ஒரு டல்லாஸ் டிக்கெட்டை விடக் குறைவு.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

கோணேசர் கோயிலுக்கு இரண்டாம் நாளே போய்விட்டோம். பிரெட்ரிக் கோட்டைக்குள் ஆட்டோ நுழைந்து, புள்ளிமான்கள் மேயும் புல்வெளியைத் தாண்டி, சுவாமி மலை உச்சியில் இறக்கிவிட்டது. கும்பிட்டோம், கீழே கடலை எட்டிப் பார்த்தோம், இராவணன் வெட்டு என்று சொல்லும் பாறைப் பிளவைப் பார்த்தோம், படம் எடுத்துக்கொண்டோம். ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் வருகிற யாத்திரைக் கூட்டத்துக்கும் அதே ஒன்றரை மணி நேரம்தான். நாங்களும் அத்தோடு ஊர் திரும்பியிருந்தால் கோணேஸ்வரம் பார்த்தாயிற்று என்றுதான் சொல்லியிருப்போம்.

ஐந்தாவது முறை போகும்போது ரீச்சரும் வந்தார். "கோட்டை வாசலில ஓட்டோவை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார். வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருந்தது, பாண்டியர் சின்னம். அதன் அருகே தேய்ந்துபோன தமிழ் எழுத்து. நாலு முறை அந்த வாசலுக்குள் போய் வந்திருக்கிறோம், கண்ணில் படவில்லை. ரீச்சர் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்துக் காட்டினார். முன்னே குளக்கோட்டன் என்ற மன்னன் மூட்டிய திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கும் என்று சொல்கிற வாசகம். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். இடித்த கல்லைக்கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். அப்படிக் கட்டும்போது இந்த எழுத்துள்ள கல்லும் வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டது. கோயில் இடிபட்டதைச் சொல்லும் வாசகம், இடித்தவர்கள் கட்டிய கோட்டையின் வாசலில் நானூறு வருடமாக நிற்கிறது. நான் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டேன். காவலுக்கு நின்ற சிப்பாய் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு மலைமேல் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து ரீச்சர் சொன்னதெல்லாம் எனக்கு மறக்காது. இடித்த பிறகு முன்னூறு வருடத்துக்கு மேல் பழைய கோயில் எழவே இல்லை. ஜனங்கள் பாறை விளிம்புக்கு வந்து, கடலைப் பார்த்துக் கற்பூரம் காட்டிவிட்டுப் போவார்களாம். டச்சுக்காரர் வந்தார்கள், 1782இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். பிரெட்ரிக் என்ற பெயர் ஆங்கிலேயர் வைத்தது. 1950இல் ஊரில் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட வெண்கலத் திருமேனிகள் மண்ணிலிருந்து கிடைத்தன, இடிப்பதற்கு முன் யாரோ புதைத்துக் காப்பாற்றியவை. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இந்தப் பாறைக்கு அடியில் கடலுக்குள் இறங்கி, கிடந்த தூண்களையும் செதுக்கிய கற்களையும் பார்த்துச் சொன்னார்கள். கோயிலை மறுபடி கட்டி 1963இல் கும்பாபிஷேகம். "நான் சின்னப் பிள்ளை, அப்பா தோளில தூக்கிக்கொண்டு போனவர்" என்றார் ரீச்சர்.

ஞானசம்பந்தர் இந்தத் தலத்துக்கு ஒரு பதிகம் பாடியிருக்கிறார். பாட்டுக்குப் பாட்டு கோணமாமலை அமர்ந்தாரே என்று முடியும். அவர் கடல் தாண்டவில்லை, ராமேஸ்வரத்துக் கரையில் நின்று இந்தத் திசையைப் பார்த்துப் பாடினார் என்பது மரபு. சம்பந்திக்கு அந்தப் பதிகம் மனப்பாடம். சின்ன வயதில் புதுக்கோட்டையில் ஓதுவாரிடம் கற்றது. அதுவரை அவர் வாய் திறந்து பாடி நான் கேட்டதில்லை. ரீச்சர் முதல் அடி எடுத்துக் கொடுக்க, அவர் பதிகம் முழுவதையும் பாடினார். ஏழாம் நூற்றாண்டில் அக்கரையிலிருந்து பாடியதை, அக்கரையிலிருந்து வந்த ஒரு பெண் இந்தப் பாறைமேல் உட்கார்ந்து பாடிக் கேட்டேன். கீழே அலை மோதுகிற சத்தம்.

இப்படித்தான் அந்த ஊர் எங்களுக்கு ஒவ்வொன்றாகத் தன்னைக் காட்டியது. முதல் வாரம் காட்டியது வேறு, மூன்றாம் வாரம் காட்டியது வேறு. வயதானவர்களுக்குச் சுற்றுலா என்று பத்து நாளில் ஒன்பது ஊர் கூட்டிப்போகிறார்களே, அதைக் கேட்டாலே எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. வேகமாக ஓட முடியாத வயதுக்கு ஓர் ஊரில் தங்கி இருப்பதுதான் பொருத்தம். உட்கார்ந்திருக்க நமக்குத் தெரியும். ஓர் ஊர் மனிதர்கள் வாய் திறக்க அதுதான் வேண்டியிருக்கிறது.

டச்சு விரிகுடாக் கடற்கரையைச் சொல்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தினமும் அங்கே போய்விடுவோம். அலை அடிக்கிற பக்கம் இது. பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், மான்கள் ரோட்டைக் கடந்து வந்து குப்பையைக் கிளறும், கச்சான் வறுக்கிற வாசனை. காந்தி சிலைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஓர் இடம் உண்டு. இரண்டு வாரம் அங்கே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் வாரம் ஒரு நாள், ரீச்சரையும் வரச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் அந்தப் பக்கம் வருவதில்லை என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். 2006 ஜனவரி 2ஆம் தேதி சாயங்காலம், அந்தச் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஊருக்கே பிள்ளைகள் அவர்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கே விளக்கேற்றுகிறார்கள். வழக்கு நடந்தும் இன்றுவரை யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. ரீச்சர் இதைச் சொல்லும்போது முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார், கை நிற்கவே இல்லை.

மறுநாள் நாங்கள் கடற்கரைக்குப் போனோம். கச்சான் வாங்கவில்லை. சம்பந்தி மணலில் ஓர் அகல் ஏற்றினார், காற்றில் உடனே அணைந்துவிட்டது. திரும்ப ஏற்றினார்.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், சின்னச் சின்னச் சதுரம், எட்டிப் பார்த்தால் அடி தெரியும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் உண்டாக்கியது என்பது கதை. இன்றும் இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அங்கே வருகிறார்கள். வாளியால் முழங்காலில் ஊற்றிக்கொண்டோம், வலி போயிற்றோ இல்லையோ இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். நிலாவெளியில் கடல் அந்த மாதங்களில் ஏரி மாதிரிக் கிடக்கிறது, ஆனால் வெயில் தாங்காது, காலை எட்டு மணிக்குள் போய் வந்துவிட வேண்டும். புறாமலைத் தீவுக்குப் படகேற எங்கள் இருவருக்கும் துணிவு வரவில்லை. சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து எண்ணெய்த் தொட்டிகள், 99 நிற்கின்றன, காட்டுக்குள் இரும்பு யானைகள் மாதிரி. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்ட இடம். கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூருக்கு பஸ்ஸில் போனோம். 1660இல் இந்தக் கரையில் பிடிபட்டுக் கண்டி ராஜ்ஜியத்தில் 19 வருடம் கைதியாக இருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயரின் நினைவிடம் அங்கே இருக்கிறது. ஆடி அமாவாசை நெருங்கியபோது ரீச்சர் ஒன்று சொன்னார்: அங்கே ஆடி அமாவாசை அப்பா இல்லாதவர்களுக்கு, சித்திரா பௌர்ணமி அம்மா இல்லாதவர்களுக்கு. தாய்க்கென்று தனியாக ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். நம் பக்கமும் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பின்கட்டு அக்காவிடம் நான் அங்கே போவதைச் சொல்லவில்லை. சொன்னால் அழுவார். 1990க்குப் பிறகு அவர் ஊர்ப் பக்கம் வரவே இல்லை. ஆனால் அவர் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மட்டும் மனதில் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: உவர்மலைப் பக்கம் ஓர் ஒழுங்கை (சந்து), மூலையில் நாவல் மரம், வீட்டுக் கிணற்றிலிருந்து பார்த்தால் உள்துறைமுகம் தெரியும். முதல் வாரம் விசாரித்தபோது யாருக்கும் தெரியவில்லை. போருக்கு முன்னால் இருந்தவர்கள் பாதிப் பேர் ஊரில் இல்லை. நாலாம் வாரத்தில் ரீச்சர் தன்னிடம் படித்த ஒருவரைப் பிடித்தார், அவர் தன் பெரியம்மாவைக் கேட்டார், அந்தப் பெரியம்மாவுக்கு 85 வயது. "சைக்கிள் கடைக்காரற்ற வீடெல்லோ?" என்றாராம். அக்காவின் கணவர் சைக்கிள் கடை வைத்திருந்தவர்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் மூவரும் போனோம். மேட்டில் ஏற மூச்சு வாங்கியது. பின்னால் வந்த சம்பந்தி, "ஆறுதலா போங்க அக்கா" என்றார். அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் முறை.

வீடு இல்லை. அந்த இடத்தில் வேறு வீடு, வேறு மனிதர்கள். நாவல் மரமும் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்த வீட்டுப் பெண் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கிணறு இருந்தது. அங்கிருந்து பார்த்தால் உள்துறைமுகம், காலை வெயிலில் அசையாமல்.

கனடாவில் இரவு பத்து மணி இருக்கும். வீடியோவில் கூப்பிட்டேன். அக்கா எடுத்தார். முகம் மிகவும் தளர்ந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் போனைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக் காட்டினேன், பிறகு கடலைக் காட்டினேன். நெடுநேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"எங்கட கிணறு," என்றார். பிறகு, "அந்தத் தண்ணி இப்பவும் உவரோ?"

வீட்டுப் பெண் வாளியை இறக்கி இறைத்துக் கொடுத்தார். கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தேன்.

"ஓம் அக்கா," என்றேன், "உவர்தான்."